ஒஃப் லைசன்ஸ் கடையும் வாசல்ல நிண்டு குடிக்கிற ஆக்களும்: லைசன்ஸ் எடுக்கிறது எப்பிடி, காப்பாத்துறது எப்பிடி

ஒஃப் லைசன்ஸ், அதாவது குடிவகையை வாங்கி வெளியில கொண்டுபோற கடை, வாங்கப்போற ஆக்கள் முதல்ல கேக்கிறது வாடகை எவ்வளவு, ரேட்ஸ் எவ்வளவு, கிழமைக்கு டேக்கிங் எவ்வளவு எண்டுதான். குடிவகை லைசன்ஸைப் பற்றிக் கேட்டா "அது இருக்கு அண்ணை, பேர் மாத்தினாச் சரி" எண்டு விக்கிறவர் சொல்லுவார், வாங்கிறவரும் தலையாட்டிப்போட்டு காசைக் கட்டிப்போடுவார். பிறகு ஒருநாள் பொலிஸ் லைசன்சிங் ஒபிசர் வந்து டில்லடியில நிண்டு "வாசல்ல குடிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள் ஆர், உங்கட கடையிலயோ வாங்கினவை" எண்டு கேக்கேக்கதான் அந்த ரோட்டைப் பற்றி முதன்முதலா யோசிக்கிறது. லைசன்ஸ் உங்கட பேரிலதான் இருக்கும், ஆனா அது நிக்கிறதும் போறதும் கனக்க நேரம் கதவுக்கு வெளியில பேவ்மென்ட்ல என்ன நடக்குது எண்டதிலதான். அதாலதான் ரெண்டையும் சேர்த்து எழுதுறன்.

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். சட்டம் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் அக்ட், நடைமுறைக்கு வந்தது 2005 நவம்பர்ல, அதுக்கு முதல் மஜிஸ்ட்ரேட் கோர்ட் குடுத்துக்கொண்டிருந்த லைசன்ஸை அதுக்குப் பிறகு கவுன்சில் குடுக்குது. ஸ்கொட்லாந்தில வேற சட்டம், வேற போர்ட், அங்க கடை போடுறவை இதைப் பார்த்து வேலை செய்யாதேங்கோ.

லீஸ்ல கையெழுத்து வைக்க முதல்

ஒவ்வொரு கவுன்சிலும் தன்ர லைசன்சிங் பொலிசியை எழுதி வைச்சிருக்க வேணும், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க வேணும். கவுன்சில் வெப்சைட்ல பி.டி.எஃப் ஆக் கிடக்கும், நீளமான ஆவணம், கன பேர் அதைத் திறந்தும் பாக்கிறேல்ல. முழுக்க வாசிக்கப் பஞ்சியெண்டா மூண்டு இடத்தைத் தேடிப் பாருங்கோ. ஒண்டு, ஒஃப் லைசன்ஸ் கடையளுக்கு என்ன நேரம் பொருத்தம் எண்டு சொல்லியிருக்கோ. ரெண்டு, ரோட்டில குடிக்கிறது எண்டு தனியா ஒரு பகுதி இருக்கோ, அதில எந்த ரோட்டுகள், எந்தப் பார்க்குகள் பேர் சொல்லி வருது. மூண்டாவதுதான் முக்கியம், கியூமுலேட்டிவ் இம்பாக்ட் ஏரியா. அதாவது இந்தப் பகுதியில ஏற்கனவே கடையளும் பப்புகளும் கூடிப்போச்சு, இன்னும் குடுத்தா பிரச்சினை கூடும் எண்டு கவுன்சில் ஆதாரத்தோட அறிவிச்ச இடம். 2018 ஏப்ரல்ல இருந்து இதுக்கு சட்டத்திலயே இடமிருக்கு, மூண்டு வருசத்துக்குள்ள திரும்பிப் பாக்கவும் வேணும்.

அப்பிடியான ஏரியாவில புது லைசன்ஸ் கேட்டா நிலைமை தலைகீழ். மற்ற இடத்தில "ஏன் குடுக்கக்கூடாது" எண்டு எதிர்க்கிறவைதான் நிரூபிக்க வேணும், இஞ்ச "என்னால பிரச்சினை கூடாது" எண்டு நீங்கள் நிரூபிக்க வேணும். ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, எதிர்ப்பு ஒண்டும் வராட்டி கவுன்சில் கட்டாயம் லைசன்ஸ் குடுக்கத்தான் வேணும், ஏரியாவில இருக்கிறதை மட்டும் காரணம் காட்டித் தானா மறுக்க ஏலாது. சில கவுன்சிலின்ர ஏரியா பப்புக்கும் கிளப்புக்கும் மட்டும், சிலதில ஒஃப் லைசன்ஸும் சேர்த்தி, வரைபடத்தையும் வாசகத்தையும் ரெண்டையும் பாருங்கோ.

ஏற்கனவே லைசன்ஸ் உள்ள கடையை வாங்கினா இந்தத் தலையிடி குறைவு, லைசன்ஸைப் பேர் மாத்திறதுக்கு 23 பவுண்ஸ், பொலிஸுக்கு மறுப்புச் சொல்ல 14 நாள், அந்த மறுப்பும் விசேஷமான காரணம் இருந்தாத்தான். அதாலதான் அந்த ஏரியாக்குள்ள இருக்கிற கடையளுக்கு விலை கூட. ஆனா வாங்க முதல் லைசன்ஸ் ஆற்ற பேரில இருக்கு எண்டு கவுன்சில் ரெஜிஸ்டர்ல பாருங்கோ. கம்பனி பேரில எடுத்த லைசன்ஸ், அந்தக் கம்பனி கணக்குக் காட்டாம கம்பனியளைப் பதியிற அரசாங்க ஒபிஸான கொம்பனீஸ் ஹவுஸால அடிபட்டுப் போச்செண்டா லைசன்ஸும் அதோட செத்துப்போகும். ஆள் செத்தாலும் அப்பிடித்தான், வங்குரோத்து ஆனாலும் அப்பிடித்தான். 28 நாளுக்குள்ள மாத்தத்துக்குப் போடாட்டி திரும்பி உயிர் குடுக்க ஏலாது, புதுசாத்தான் கேக்க வேணும், கியூமுலேட்டிவ் இம்பாக்ட் ஏரியாக்குள்ள எண்டா உங்கட நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ. சுவர்ல ஃபிரேம் போட்டுத் தொங்குற கடதாசியை நம்பாதேங்கோ, செத்த லைசன்ஸும் சுவர்ல வடிவாத்தான் தொங்கும்.

பேப்பர் வேலை பாத்தாப் பிறகு ரோட்டைப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருக்கா, சாதாரண நாள் காலமை பத்து மணி போல ஒருக்கா. காலமைதான் உண்மை தெரியும், ஏனெண்டா குடிக்கு அடிமைப்பட்ட ஆளுக்கு காலமை கை நடுங்கும், முதல் கானை எங்க வாங்குறார் எண்டதைப் பாத்தா அந்த ரோட்டில எந்தக் கடை என்ன விக்குது எண்டு தெரிஞ்சுபோகும். பெஞ்ச் எங்க இருக்கு, பஸ் ஸ்டொப் எங்க, பக்கத்தில ஹொஸ்டல் இருக்கோ, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், குப்பைவாளிக்குள்ள என்ன வெறும் கான் கிடக்கு எண்டெல்லாம் பாருங்கோ. பொலிஸ் ஒபிசர் பாக்கிறதும் இதைத்தான்.

அப்ளிகேஷன் போடுறது

இதில பெரிய சூத்திரம் ஒண்டுமில்ல, கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். ரெண்டு லைசன்ஸ் வேணும், ஒண்டு கடைக்கு, மற்றது ஆளுக்கு. ஆளுக்கானது பேர்சனல் லைசன்ஸ், ஏ.பி.எல்.எச் எண்ட ஒருநாள் கோர்ஸ் சோதினை பாஸ் பண்ணி, ஒரு மாசத்துக்குள்ள எடுத்த பேசிக் டி.பி.எஸ் எண்ட பொலிஸ் றெக்கோட் செக் சேர்த்து, 37 பவுண்ஸ் கட்டி, நீங்கள் குடியிருக்கிற கவுன்சிலுக்குப் போடுறது. முந்தி பத்து வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க வேணும், 2015ல அதை எடுத்துப்போட்டினம், இப்ப முடிவுத் திகதி இல்ல. ஆனா வீடு மாறினா அறிவிக்க வேணும், இதை எங்கட ஆக்கள் கன பேர் மறந்துபோயினம்.

கடை லைசன்ஸுக்குக் கட்டணம் ரேட்டபிள் வேல்யூவை, அதாவது ரேட்ஸ் கணக்குக்காக கடைக் கட்டிடத்துக்குப் போட்ட பெறுமதியை, பொறுத்து 100, 190, 315, 450, 635 பவுண்ஸ். சின்னக் கடையளுக்குப் பெரும்பாலும் 190 இல்லாட்டி 315 வரும். அதுக்குப் பிறகு வருசாவருசம் தனியாக் கட்ட வேணும், 190 பிரிவுக்கு 180, 315 பிரிவுக்கு 295. இந்த வருசக் காசு கட்டாட்டி லைசன்ஸ் இடைநிறுத்தம், அந்த நேரத்தில ஒரு பியர் வித்தாலும் லைசன்ஸ் இல்லாம வித்ததுதான், அதுக்குத் தண்டனை எல்லையில்லாத அபராதம், ஆறு மாசம் வரை மறியல், அல்லது ரெண்டும். ஸ்டாண்டிங் ஓர்டர் போடுங்கோ, இல்லாட்டி ஃபோன்ல அலாமாவது வையுங்கோ.

கடைக்குள்ள டி.பி.எஸ் எண்டு ஒருத்தரைப் பேர் குடுக்க வேணும், பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஆள், கடையைக் கொண்டு நடத்துறவர். (டி.பி.எஸ் எண்டு ரெண்டு சாமான் இருக்கு, ஒண்டு பொலிஸ் றெக்கோட் செக், மற்றது இந்தப் பதவி, குழம்பாதேங்கோ.) ஃபோமோட கடையின்ர பிளான், டி.பி.எஸ்ஸின்ர சம்மதக் கடிதம், வேலை செய்யிற உரிமைக்கான ஆதாரம். ஒன்லைன்ல போட்டா பொலிஸ், ஃபயர், டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (கடையள் சட்டப்படி விக்குதோ எண்டு பாக்கிற கவுன்சில் பிரிவு), ஹோம் ஒபிஸ் எல்லாருக்கும் கவுன்சிலே கொப்பி அனுப்பும், தபால்ல போட்டா நீங்கள்தான் ஒவ்வொருத்தருக்கும் அனுப்ப வேணும், ஆகவே ஒன்லைன்ல போடுங்கோ. அடுத்த நாள்ல இருந்து 28 நாளைக்கு கடை முன்பக்கத்தில இளநீலக் கடதாசியில நோட்டீஸ், ஏ4 அளவு, எழுத்து 16க்குக் குறையாம, வெளியில நிண்டு வாசிக்கக்கூடிய மாதிரி. பத்து வேலை நாளுக்குள்ள உள்ளூர் பேப்பர்ல ஒரு விளம்பரம், அப்ளிகேஷன் ஃபீஸைவிட விளம்பரம் கூட வரலாம், அதிர்ச்சி அடையாதேங்கோ. நோட்டீஸ் ஒட்டினதை திகதியோட படம் எடுத்து வையுங்கோ, ஒருத்தர் இரவில கிழிச்சுப்போட்டா "ஒட்டவே இல்ல" எண்டு சொல்லி திருப்பி முதல்ல இருந்து 28 நாள் எண்ண வைப்பினம்.

கொண்டிஷன்: இதிலதான் கடையின்ர தலையெழுத்து

ஃபோம்ல ஒரு பெட்டி இருக்கு, நாலு நோக்கத்தையும் எப்பிடிக் காப்பாத்துவீங்கள் எண்டு கேக்கும். குற்றமும் குழப்பமும் வராமத் தடுக்கிறது, பொதுமக்களின்ர பாதுகாப்பு, பொதுத் தொல்லை வராமத் தடுக்கிறது, பிள்ளையளுக்குத் தீங்கு வராமப் பாக்கிறது. முழுச் சட்டமும் இந்த நாலைச் சுத்தித்தான். ஸ்கொட்லாந்தில பொதுச் சுகாதாரம் அஞ்சாவதா இருக்கு, இஞ்ச இல்ல. அதால "சனத்தின்ர ஈரல் பழுதாப்போகும்" எண்டு சொல்லி இங்கிலாந்தில ஒரு கடையை மறுக்க ஏலாது, "ஏற்கனவே அஞ்சு கடை இருக்கு, ஆறாவது எதுக்கு" எண்டு வியாபாரத் தேவையைக் காட்டியும் மறுக்க ஏலாது.

இந்தப் பெட்டிக்குள்ள நீங்கள் எழுதுறது அப்பிடியே லைசன்ஸ்ல கொண்டிஷனா வந்து குந்தும், அதுக்குப் பிறகு அதை மீறுறது கிரிமினல் குற்றம். ஏஜென்ட்மார் சில பேர் கொம்பியூட்டர்ல வைச்சிருக்கிற இருபது இருபத்தஞ்சு கொண்டிஷனை அப்பிடியே கொப்பி அடிச்சுப் போடுவினம், லைசன்ஸை முடிவெடுக்கிற கவுன்சில் கொமிட்டிக்குப் பாக்க வடிவா இருக்கும், லைசன்ஸும் கிடைக்கும், பிறகு "எப்பவும் பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருத்தர் கடையில நிக்க வேணும்" எண்ட வரியை நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறது உங்கட மனுசிக்கு காய்ச்சல் வந்து கடையில பெடியன் தனிய நிக்கிற அண்டைக்குத்தான் தெரியவரும். செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கோ. என்ர அபிப்பிராயம், கொண்டிஷனை வாசிச்சுப்போட்டு கிறிஸ்மஸ் காலத்துச் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இதைச் செய்ய ஏலுமோ எண்டு கேளுங்கோ, ஏலாதெண்டா வெட்டுங்கோ.

எல்லாக் கடையிலயும் கேக்கிறது சி.சி.டி.வி 31 நாள் பதிவு, சலெஞ்ச் 25 (25 வயசுக்குக் கீழ தெரியிற ஆரிட்டயும் ஐ.டி கேக்கிறது), மறுத்த விற்பனைக்கு ஒரு கொப்பி, வேலைக்காரருக்கு பயிற்சி குடுத்த பதிவு, விஸ்கி பிரண்டி எல்லாம் கவுண்டருக்குப் பின்னால. இதுகளில சண்டை பிடிக்கத் தேவையில்ல. சி.சி.டி.வியில மட்டும் ஒரு சங்கதி, பதிவு இருந்தாக் காணாது, கேட்ட நேரம் எடுத்துக் குடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கடையில நிக்க வேணும் எண்டும் எழுதியிருக்கும், "முதலாளிதான் பாஸ்வேர்ட் வைச்சிருக்கிறார், அவர் ஊருக்குப் போட்டார்" எண்டது மறுமொழி இல்ல.

ரோட்டில குடிக்கிற பிரச்சினை உள்ள இடத்தில இதுக்கு மேலயும் கேப்பினம். அல்கஹோல் 6.5 வீதத்துக்கு மேல உள்ள பியர், சைடர் விக்கக்கூடாது. தனிக் கான் விக்கக்கூடாது, நாலு அல்லது ஆறு பக்கற்றாத்தான். சின்னச் சின்ன மினியேச்சர் போத்தல் கூடாது. சில இடத்தில ஒவ்வொரு கானிலயும் கடைப் பேர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுவினம், பார்க்கில எடுத்த கான் எந்தக் கடையால வந்தது எண்டு பொலிஸ் கண்டுபிடிக்க.

6.5 எண்ட இந்த இலக்கம் பிரபலமானது இப்ஸ்விச்சாலதான். 2012ல சஃபோக் பொலிஸும் அங்கத்தைக் கவுன்சிலும் சேர்ந்து "ரெடியூசிங் த ஸ்ட்ரெங்த்" எண்டு தொடங்கினவை, மலிவான, கடும் ஸ்ட்ரோங்கான பியரையும் சைடரையும் கடைக்காரர் தாங்களா விரும்பி விக்காம விடச் சொல்லி. பிறகு மற்ற டவுன்களும் பிடிச்சுக்கொண்டுது. கணக்கைப் பாத்தா ஏனெண்டு விளங்கும். 9 வீதம் உள்ள 500 மில்லிக் கான் ஒண்டில 4.5 யூனிட் (ஒரு யூனிட் எண்டா 10 மில்லி சுத்த அல்கஹோல்), கிழமை முழுக்கவும் 14 யூனிட்டுக்கு மேல குடிக்காதேங்கோ எண்டு டொக்டர்மார் சொல்லுறது, மூண்டு கானோட 13.5 வந்திட்டுது. 7.5 வீத வெள்ளைச் சைடர் ரெண்டரை லீட்டர் போத்தல் ஒண்டில 18.75 யூனிட். வேல்ஸ்ல 2020 மார்ச்சில யூனிட்டுக்கு 50 பென்ஸ் எண்டு குறைஞ்ச விலை கொண்டுவரேக்க அந்தப் போத்தல் ஒம்பது பவுண்ஸைத் தாண்டிப்போச்சு. ஸ்கொட்லாந்தில 2018ல 50 பென்ஸ்ல தொடங்கி 2024 செப்டம்பர்ல இருந்து 65. இங்கிலாந்தில அப்பிடி இல்ல, இஞ்ச இருக்கிற சட்டம் டியூட்டியும் அதுக்கு வாற வற் (VAT) வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழ விக்கக்கூடாது எண்டது மட்டும், அது மிச்சம் கீழ.

6.5 கொண்டிஷனை ஒத்துக்கொள்ளலாமோ எண்டு கேட்டா, ஒத்துக்கொள்ளுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், ஆனா வாசகத்தைத் திருத்திக் கேளுங்கோ. கிராஃப்ட் பியர், பெல்ஜியம் பியர், சில ஸ்டவுட் எல்லாம் 6.5க்கு மேலதான், அதை வாங்கிறவர் பெஞ்சில இருந்து குடிக்கிறேல்ல. எங்கட சனம் தேடி வாற லயன் ஸ்டவுட்டும் எட்டு வீதத்துக்கு மேல. "பிரீமியம், ஸ்பெஷாலிட்டி வகையள் தவிர" எண்டு போடக் கேட்டா பொலிஸ் வழமையா கதைச்சுப் பாக்கும். காசுப் பக்கத்தால பாத்தா, ஸ்ட்ரோங் கான்ல லாபம் பென்ஸ் கணக்கு, அந்தக் கானுக்காக வாசல்ல நிக்கிற நாலு பேரைப் பாத்து ரோட்டைக் கடந்து மற்றக் கடைக்குப் போற தாய்மாரின்ர பாலும் பாணும்தான் உங்கட உண்மையான வியாபாரம்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கடைக்காரரோட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு "நாங்கள் எல்லாரும் சேர்ந்து இதை விக்காம விடுவம்" அல்லது "எல்லாரும் இந்த விலைக்குக் குறையாம விப்பம்" எண்டு பேசி ஒப்பந்தம் செய்யாதேங்கோ. நல்ல நோக்கம்தான், ஆனா அது போட்டிச் சட்டத்தில பிடிபடலாம். கவுன்சிலோ பொலிஸோ கேட்டா ஒவ்வொரு கடையும் தனித்தனியாத்தான் முடிவெடுக்க வேணும்.

பொலிஸ் அனுப்புற கொண்டிஷன் லிஸ்ட் கடவுள் வாக்கு இல்ல. 2008ல வந்த த்வெயிட்ஸ் வழக்கில ஹை கோர்ட் சொன்னது, பயத்தையும் ஊகத்தையும் வைச்சுக் கொண்டிஷன் போட ஏலாது, ஆதாரம் வேணும் எண்டு. "இந்த ரோட்டில கடந்த வருசம் என்ன முறைப்பாடு வந்தது, அதில எது இந்தக் கடையோட சம்பந்தம்" எண்டு மரியாதையாக் கேளுங்கோ, கன நேரம் அதோடயே லிஸ்ட் பாதியாக் குறையும்.

டில்லில நிக்கிறவருக்கு

வெறியில வாற ஆளுக்கு, வெறி எண்டு தெரிஞ்சுகொண்டு வித்தா 1000 பவுண்ஸ் வரை அபராதம், வித்த பெடியனுக்கும்தான், முதலாளிக்கு மட்டுமில்ல. அவருக்குத் தெரிஞ்ச ஆள் வந்து அவருக்காக வாங்கினா வாங்கினவருக்கும் குற்றம். மறுக்கிறது எப்பிடி எண்டதுதான் ஆருக்கும் பழக்கிறேல்ல. "நீ குடிச்சிருக்கிறாய்" எண்டு சொல்லாதேங்கோ, சண்டை அதோடதான் தொடங்கும். "லைசன்ஸ் போயிடும், எனக்கு விக்கேலாது, நாளைக்கு வாங்கோ" எண்டு பழியைச் சட்டத்தில போடுங்கோ, குரலை உயர்த்தாதேங்கோ, கவுண்டருக்கு வெளியில வராதேங்கோ. தண்ணிப் போத்தல், சாண்ட்விச் வேணுமெண்டா விக்கலாம், அதுக்கு ஒரு தடையும் இல்ல, கன பேர் அதோட அமைதியாப் போயிடுவினம். அடிக்க வந்தா 999, பிறகு 101ல (அவசரமில்லாத பொலிஸ் இலக்கம்) முறைப்பாடு இலக்கம் எடுங்கோ.

மறுத்த உடனே கொப்பியில எழுதுங்கோ. திகதி, நேரம், ஆள் எப்பிடி இருந்தார், ஏன் மறுத்தது, ஆர் மறுத்தது. மாசக் கடைசியில ஒரே பேனையால ஒரே கையெழுத்தில முப்பது வரி எழுதி வைச்சா ஒபிசருக்கு ஒரு பார்வையில தெரியும், அவை அந்தக் கொப்பியள் நூற்றுக்கணக்கில பாத்தவை. வெறும் கொப்பியும் அப்பிடித்தான், இப்பிடியொரு ரோட்டில மாசக்கணக்கா ஒருத்தரையும் மறுக்கேல்ல எண்டா எல்லாருக்கும் விக்கிறீங்கள் எண்டுதான் அர்த்தம் எடுப்பினம்.

வாசலை உங்கட கடையின்ர பகுதி மாதிரியே வைச்சிருங்கோ. காலமையும் பின்னேரமும் வெறும் கானையும் போத்தலையும் கூட்டி எடுக்கிறது, உங்கட கடையால வந்ததோ இல்லையோ. ஜன்னல்ல போஸ்டரால மூடி இருட்டாக்காம வெளியில தெரியிற மாதிரி விடுறது. ஆக்கள் குந்துற மாதிரி கிரேட்டுகளை வெளியில அடுக்கி வைக்காதேங்கோ. சட்டத்தின்ர வழிகாட்டியில ஒரு வசனம் உங்கட பக்கம் இருக்கு, கடைக்கு உடனடியாகச் சுத்தியுள்ள இடத்தைத் தாண்டி நடக்கிறது அந்தந்த ஆளின்ர தனிப் பொறுப்பு எண்டு. முன்னூறு மீட்டர் தள்ளியிருக்கிற பார்க்கில நடக்கிறதை உங்கட தலையில கட்ட ஏலாது, ஆனா வாசல் உங்கட தலையிலதான்.

சாமான் வாங்கேக்க, ஹோல்சேல்காரருக்கு வரி ஒபிஸான எச்.எம்.ஆர்.சியின்ர ஏ.டபிள்யூ.ஆர்.எஸ் எண்ட குடிவகை மொத்த வியாபாரப் பதிவு இலக்கம் இருக்கோ எண்டு ஒன்லைன்ல பாருங்கோ, 2017 ஏப்ரல்ல இருந்து அது உங்கட கடமை. வான்ல வந்து இன்வொய்ஸ் இல்லாம இறக்கிறவரிட்ட வாங்கிப்போட்டு பிடிபட்ட கடையள் கொமிட்டிக்கு முன்னால போனா கதைக்க ஒண்டும் இருக்காது. டியூட்டி கட்டாத சாராயம் சிகரட், 18க்குக் கீழ விக்கிறது, வேலை செய்ய உரிமை இல்லாத ஆளை வைச்சிருக்கிறது, இதுகளுக்கு முதல் தடவையே லைசன்ஸைப் பறிக்கிறதை யோசிக்கச் சொல்லி வழிகாட்டியில எழுதியே இருக்கு.

ரோட்டில குடிக்கிறது குற்றமோ?

எங்கட ஆக்களுக்கு இதில கன குழப்பம். இங்கிலாந்தில பொதுவா ரோட்டில குடிக்கிறது சட்டவிரோதம் இல்ல. லண்டன் பஸ், டியூப்ல 2008 ஜூன்ல இருந்து தடை, அது வேற. டவுன் சென்டர்ல "நோ அல்கஹோல் சோன்" எண்டு போர்ட் கண்டிருப்பீங்கள், அது பி.எஸ்.பி.ஓ எண்ட கவுன்சில் கட்டளை, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது, ஒருக்காப் போட்டா மூண்டு வருசம் வரை, பிறகு நீட்டலாம். அதிலயும் பொதுவா குடிச்ச உடனே குற்றம் இல்ல. பொலிஸோ கவுன்சிலால அதிகாரம் குடுத்த ஒபிசரோ "நிப்பாட்டு, கானைத் தா" எண்டு கேட்டு, நியாயமான காரணம் இல்லாம மறுத்தாத்தான் குற்றம். அந்த இடத்திலயே அபராதச் சீட்டு எழுதலாம், கோர்ட்டுக்குப் போனா 500 பவுண்ஸ் வரை. லைசன்ஸ் உள்ள கடைக்குள்ளயும் பப்புக்குள்ளயும் இது செல்லாது.

இது உங்களுக்கு எப்பிடி உதவும் எண்டா, உங்கட ரோட் அந்த வரைபடத்துக்குள்ள இருக்கோ எண்டு பாருங்கோ, இருந்தா கடைக்குள்ள ஒரு சின்ன நோட்டீஸ் போடுங்கோ, "இந்த ரோட்டில குடிக்கேலாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ" எண்டு. ஆனா கட்டளை போட்டா பிரச்சினை தீர்ந்தது எண்டு நினைக்காதேங்கோ, கனக்க நேரம் அது பக்கத்து ரோட்டுக்குத்தான் போகும். காசில்லாத ஆளுக்கு அபராதச் சீட்டு வெறும் கடதாசி. கடும் அடிமைப்பட்ட ஆள் ஒரேயடியா நிப்பாட்டினா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து, அதால "குடியாத போ" எண்டு கலைக்கிறது வைத்தியம் இல்ல. ஒவ்வொரு பகுதியிலயும் இலவச அல்கஹோல் சேவை இருக்கு, ஜி.பி இல்லாமலே தானா போய்ப் பதியலாம், ரோட்டில படுக்கிறவை எண்டா அவைக்கு உதவி எடுத்துக் குடுக்கிற ஸ்ட்ரீட்லிங்க் எண்ட சேவைக்கு அறிவிக்கலாம். அந்த விபரத்தை டில்லடியில வைச்சிருங்கோ. பெஞ்சில இருக்கிறவையில எங்கட தமிழ் ஆக்களும் இருக்கினம், விசா இல்லாம, வேலை இல்லாம, குடும்பம் இல்லாம, இங்கிலிஷில உதவி கேக்கத் தெரியாம. அவையோட தமிழில ரெண்டு வார்த்தை கதைக்கக்கூடிய ஒரே ஆள் சில நேரம் கடையில நிக்கிற நீங்கள்தான்.

நீங்கள் கடைக்காரர் இல்ல, அந்த ரோட்டில குடியிருக்கிறவர் எண்டா

உங்களுக்கும் அதே சட்டம் ஆயுதம். புது அப்ளிகேஷனுக்கு ஆரும் எதிர்ப்பு எழுதலாம், பக்கத்தில குடியிருக்க வேணும் எண்ட விதியை 2012ல எடுத்துப்போட்டினம். 28 நாளுக்குள்ள எழுத வேணும், நாலு நோக்கத்தில ஒண்டைத் தொட்டு எழுத வேணும். "இந்தக் கடை வந்தா எங்கட வீட்டு விலை குறையும்" குப்பைக்குள்ள போகும், "ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு இந்தச் சுவர்ல இருந்து குடிச்சுக் கத்துறதால பிள்ளையள் நித்திரை கொள்ளேல்ல, இந்தத் திகதியள்ல நடந்தது, இது படம்" எண்டது நிக்கும். உங்கட பேரும் விலாசமும் வழமையா கடைக்காரருக்குப் போகும், அதை யோசிச்சு எழுதுங்கோ, பயமெண்டா வார்ட் கவுன்சிலரை எழுதச் சொல்லலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேர் கையெழுத்து வைச்சு அனுப்புறதைவிட அஞ்சு பேர் தாங்கள் கண்டதைத் தனித்தனியா எழுதினா பெறுமதி கூட.

ஏற்கனவே இருக்கிற கடையால தொல்லை எண்டா முதல் போய்க் கடைக்காரரோட கதையுங்கோ, கன கடையள்ல அதோட முடிஞ்சிடும். முடியாட்டி கவுன்சில் லைசன்சிங் ஒபிசருக்கு எழுதுங்கோ, அதுக்கும் சரிவராட்டி ரிவ்யூ கேக்கலாம், அதுக்குக் காசு இல்ல.

ரிவ்யூ கடதாசி வந்தா

கடைப் பக்கத்துக்குத் திரும்பி வாறன். ரிவ்யூ எண்டா பொலிஸோ டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸோ குடியிருக்கிறவரோ உங்கட லைசன்ஸைத் திரும்பிப் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். திரும்பவும் 28 நாள் நோட்டீஸ், பிறகு 20 வேலை நாளுக்குள்ள மூண்டு கவுன்சிலர் இருக்கிற சப் கொமிட்டி. அவை கொண்டிஷன் கூட்டலாம், டி.பி.எஸ்ஸை எடுக்கலாம், மூண்டு மாசம் வரை இடைநிறுத்தலாம், லைசன்ஸையே பறிக்கலாம், ஒண்டும் செய்யாமலும் விடலாம்.

கடதாசி வந்த அண்டைக்கே செய்ய வேண்டியது, அனுப்பின ஒபிசருக்கு ஃபோன் எடுத்து வந்து கதைக்கிறன் எண்டு சொல்லுறது. ஒளிச்சுக்கொண்டிருக்கிறதும், "எல்லாரும் என்னை இனவாதத்தால பிடிக்கினம்" எண்டு முதல் வசனத்திலயே தொடங்கிறதும், அது சில இடத்தில உண்மையா இருந்தாலும், அந்த மேசையில உதவாது. ஹியரிங் வர முதலே நீங்களா மாத்தத் தொடங்குங்கோ. ஸ்ட்ரோங் கானை ஷெல்ஃபில இருந்து எடுத்த படம், மூண்டாம் ஆளிட்ட குடுத்த பயிற்சிச் சான்றிதழ், புது கமரா ரசீது, கொப்பி. கொமிட்டி பழசுக்குத் தண்டிக்கிற கோர்ட் இல்ல, இனிமேல் என்ன நடக்கும் எண்டதைத்தான் பாக்கிறது, ஆகவே "இனி இதுதான்" எண்டு காட்டுறது மன்னிப்புக் கேக்கிறதைவிட வேலை செய்யும். இங்கிலிஷ் சங்கடமெண்டா பிள்ளையைக் கதைக்க விடாதேங்கோ, மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முன்கூட்டியே கேளுங்கோ. லைசன்சிங் சட்டம் தெரிஞ்ச சொலிசிட்டரைப் பிடியுங்கோ, வீடு வாங்கேக்க வந்தவர் இதுக்குச் சரிவரமாட்டார்.

முடிவு பிடிக்காட்டி எழுத்தில அறிவிப்பு வந்து 21 நாளுக்குள்ள மஜிஸ்ட்ரேட் கோர்ட்டில அப்பீல். அந்த 21 நாளும், அப்பீல் போட்டா அது முடியிற வரைக்கும், கொமிட்டி இடைக்காலக் கட்டளை போட்ட வழக்கைத் தவிர முடிவு நடைமுறைக்கு வராது, கடை வழமைபோல விக்கலாம். தோத்தா கவுன்சிலின்ர செலவும் உங்கட தலையில வரலாம், அது ஆயிரக்கணக்கில, அதால அப்பீலுக்குப் போக முதல் சொலிசிட்டரோட இருந்து கவுன்சிலோட சமரசமா புதுக் கொண்டிஷன் பேசி முடிக்க ஏலுமோ எண்டு பாருங்கோ, அப்பீல் போட்டாப் பிறகும் கோர்ட் வாசல் வரைக்கும் அந்தக் கதை கதைக்கலாம்.